கப்பா, கிராமா? பேக்கிங் பழகுகிறவர்களுக்கு அளவு வழிகாட்டி

ஒரே மைதா பொட்டலம், ஒரே கப். ஒருவர் கப்பை நேராகப் பொட்டலத்துக்குள் விட்டு மாவை அள்ளுகிறார். இன்னொருவர் கரண்டியால் மாவை எடுத்துப் போட்டுக் கப்பை நிரப்புகிறார். இருவரும் தலைதட்டித்தான் அளக்கிறார்கள். ஆனாலும் முதலாமவரின் கப்பில் 150 கிராம் வரை மாவு ஏறியிருக்கும். இரண்டாமவரின் கப்பில் சுமார் 120 கிராம்தான் இருக்கும். மூன்று கப் மாவு வேண்டிய ரொட்டியில் இந்த வேறுபாடு 90 கிராம் ஆகிவிடுகிறது.

அந்த ரொட்டிக்கு 250 மி.லி. தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 360 கிராம் மாவுக்கு அது 69 சதவீதம். மாவு இளகி, கையில் ஒட்டும். 450 கிராம் மாவுக்கு அதே தண்ணீர் 56 சதவீதம். பிசைவதற்கே தோள் வலிக்கும் கெட்டி மாவு. செய்முறையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ஆனால் ஓவனிலிருந்து வெளிவருபவை இரண்டு வேறு ரொட்டிகள்.

புதிதாகக் கேக்கும் ரொட்டியும் செய்யத் தொடங்குகிறவர்கள் இரண்டு மூன்று முறை சரியாக வராவிட்டால் 'நமக்குக் கைப்பக்குவம் போதாது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவுக்கு வருமுன் அளந்த விதத்தை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பிசைவதும் கலப்பதும் பழகப் பழகத்தான் கைவரும். அளப்பதை இன்றைக்கே சரியாகச் செய்துவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே கண்டிப்போடு அளக்க வேண்டியதில்லை. சூப்பில் ஒரு கேரட் கூடிவிட்டால் ஒன்றும் ஆகாது. உப்பு குறைந்தால் ருசி பார்த்துச் சேர்க்கலாம். கேக் மாவு ஓவனுக்குள் போன பிறகு அப்படித் திருத்த வழி கிடையாது. மாவு, திரவம், சர்க்கரை, கொழுப்பு, உப்பு, ஈஸ்ட், பேக்கிங் பவுடர், சமையல் சோடா, ஜெலட்டின் ஆகியவற்றை அளந்தே போட வேண்டும். மேலே தூவும் பருப்புகள், வாசனைக்குச் சேர்க்கும் தழைகள், நறுக்கிய பழங்கள் விஷயத்தில் கண்ணளவு போதும்.

முதலில் ஒரு தராசு

சமையலறைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் மின்னணுத் தராசை வாங்குங்கள் என்பேன். அழகான கப் வரிசையையும் அச்சுகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு கிராம் துல்லியமும் ஐந்து கிலோ தாங்கும் திறனும் இருந்தால் வீட்டுக்குப் போதும். கனமான கண்ணாடிப் பாத்திரமே ஒரு கிலோவைத் தாண்டிவிடும் என்பதால் இரண்டு கிலோ மட்டும் தாங்கும் தராசு சீக்கிரமே இடைஞ்சலாகிவிடும். வாங்குமுன் இன்னொன்றையும் கவனியுங்கள்: அகலமான பாத்திரத்தை மேலே வைத்தால் எண் காட்டும் திரை மறைந்துபோகிறதா? மறைந்தால் ஒவ்வொரு முறையும் குனிந்து எட்டிப்பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட தராசு நாளடைவில் அலமாரிக்குள் போய்விடும்.

இந்தத் தராசின் உள்ளே ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அதில் ஒட்டியிருக்கும் உணரியின் மின்தடை அந்த வளைவுக்கு ஏற்ப மாறுகிறது. அந்த மாற்றமே திரையில் எடையாகத் தெரிகிறது. தராசைத் துணி விரிப்பின் மீது வைக்காமல் கெட்டியான சமதளத்தில் வைக்க வேண்டும் என்பதும், அளவுக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்பதும் இதனால்தான். மேலே கனமான பாத்திரங்களை அடுக்கிவைக்கவும் கூடாது. வளைந்த உலோகம் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் அதன் பிறகு காட்டும் எண்களை நம்ப முடியாது.

அளக்கும் முறை இது:

1. தராசைச் சமதளத்தில் வைத்து, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலகு கிராமில் இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் தவறுதலாகப் பட்டு அவுன்ஸுக்கு மாறியிருப்பது அடிக்கடி நடக்கிறது.

2. காலிப் பாத்திரத்தை நடுவில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்துங்கள். பாத்திரத்தின் எடை கழிந்து திரையில் பூஜ்யம் தெரியும்.

3. மாவைக் கொட்டுங்கள். 250 கிராம் வேண்டுமென்றால் 230 வரை தாராளமாகக் கொட்டலாம். அதற்கு மேல் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். திரையில் எண் நிலைத்து நிற்க ஒரு நொடியாவது பிடிக்கும். அது நிற்குமுன் அடுத்த கரண்டியைப் போட்டால் அளவு தாண்டிவிடும்.

4. மறுபடி 'டேர்' அழுத்தி, அதே பாத்திரத்தில் சர்க்கரையைச் சேருங்கள். அடுத்த பொருளுக்கும் இப்படியே. நான்கு கப்புகளைக் கழுவும் வேலை மிச்சம்.

5. தேன், கடலை வெண்ணெய் போன்ற ஒட்டும் பொருள்களுக்கு முறையைத் திருப்பிப்போடுங்கள். தேன் புட்டியையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, அதிலிருந்து எடுத்துக் கலவையில் ஊற்றுங்கள். புட்டியைத் திரும்ப வைத்ததும் திரையில் −60 என்று வந்தால் நீங்கள் ஊற்றியது 60 கிராம். அளவுக் கப்பின் ஓரத்தில் ஒட்டி வீணாவது எதுவும் இல்லை.

பாத்திரத்தின் காலி எடையை ஒரு தாளில் குறித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பாதி வேலையில் தராசு தானாக அணைந்துபோனால் அந்த எண் கைகொடுக்கும். கலவையை இரண்டு டின்களில் சமமாகப் பிரிக்கும்போதும் உதவும்: மொத்த எடையிலிருந்து பாத்திரத்தின் எடையைக் கழித்து, இரண்டால் வகுத்தால் ஒரு டின்னுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

தராசு சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், ஒரே பொருளை நடுவிலும் நான்கு ஓரங்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். எண் சில கிராம்கள் தாவினால் தளம் சமமாக இல்லை, அல்லது பேட்டரி தீரப்போகிறது, அல்லது தராசே பழுது.

ஐந்து கிராமுக்குக் கீழே

ஒரு கிராம் துல்லியத் தராசு 2 என்று காட்டும்போது உள்ளே இருப்பது ஒன்றரை கிராமாகவும் இருக்கலாம், இரண்டரைக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். 500 கிராம் மாவில் அரை கிராம் பிழை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு கிராம் ஈஸ்டில் அது கால் பங்கு. தராசை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம், ஆனாலும் மிகச் சிறிய அளவுகளுக்குச் சாதாரணத் தராசைவிட நல்ல அளவுக் கரண்டி மேலானது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல தராசுகள் பூஜ்யத்துக்கு அருகே நேரும் மிகச் சிறு மாற்றங்களைத் தாமாகவே பூஜ்யமாக்கிக்கொள்ளும். நீங்கள் ஈஸ்டைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுவீர்கள். திரை பூஜ்யத்திலேயே நிற்கும். 'இன்னும் விழவில்லை போலிருக்கிறது' என்று மேலும் தூவுவீர்கள். இதைத் தவிர்க்க, ஈஸ்டைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அதை ஒரே தடவையில் தராசின் மேல் வையுங்கள். அடிக்கடி ரொட்டி செய்கிறவர்கள் 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு கிராம் ஈஸ்ட்தான் வேண்டும், சிறு தராசும் இல்லை என்றால் கரைசல் முறை இருக்கிறது. 5 கிராம் ஈஸ்டை 50 கிராம் தண்ணீரில் நன்றாகக் கலக்கினால் மொத்தம் 55 கிராம். அடியில் படியுமுன் அதிலிருந்து 11 கிராம் எடுத்தால், அதில் ஒரு கிராம் ஈஸ்டும் 10 கிராம் தண்ணீரும் இருக்கும். அந்தப் பத்து கிராமைச் செய்முறையில் உள்ள தண்ணீரிலிருந்து கழித்துவிடுங்கள்.

கரண்டி என்று நான் சொல்வது அளவுக் கரண்டியை மட்டும்தான். தேக்கரண்டி என்பது 5 மி.லி., மேசைக்கரண்டி என்பது 15 மி.லி. தேநீர் கலக்க எடுக்கும் கரண்டிகளுக்கு எந்த அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. வீட்டுக்கு வீடு, ஒரே வீட்டுக்குள்ளும் கரண்டிக்குக் கரண்டி மாறும். பேக்கிங் பவுடரையும் சமையல் சோடாவையும் டப்பாவிலேயே ஒருமுறை கிளறி, கட்டியை உடைத்துவிட்டு அள்ளுங்கள். பிறகு கத்தியின் நேரான முதுகால் தலைதட்டுங்கள். குவித்து எடுத்தால் ஒன்றரைக் கரண்டிக்கும் மேலாகவே போய்விடும். சோடா அதிகமானால் கேக்கில் சோப்பு வாடை அடிக்கும், மேற்புறம் சட்டென்று கறுக்கும். பேக்கிங் பவுடர் அதிகமானால் கேக் வேகமாக எழும்பி, நடுவில் குழி விழுந்து அமர்ந்துவிடும்.

கரண்டியைக் கலவைப் பாத்திரத்துக்கு மேலே பிடித்து அளக்காதீர்கள். புட்டி ஒருமுறை கூடுதலாகச் சாய்ந்தால் போதும், வெனிலா எசென்ஸ் முழுவதும் உள்ளே போய்விடும்.

உப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொடி உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். செதில் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே கரண்டியில் பாதி எடைதான் ஏறும் வகைகளும் உண்டு. செய்முறையில் 'செதில் உப்பு 2 தேக்கரண்டி' என்றிருந்து நீங்கள் பொடி உப்பை அதே அளவு போட்டால் இரண்டு மடங்கு உப்பாகிவிடும். கிராமில் அளந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

திரவங்கள்

தண்ணீருக்கு ஒரு மி.லி. என்றால் ஒரு கிராம். பாலையும் அப்படியே கணக்கிடலாம். வித்தியாசம் மிகக் குறைவு. ஆகவே தராசு இருந்தால் தண்ணீரையும் பாலையும்கூட எடைபோட்டே சேர்க்கலாம். எண்ணெய் நீரைவிட லேசானது: 100 மி.லி. சுமார் 92 கிராம். தேன் கனமானது: 100 மி.லி. சுமார் 142 கிராம். '100 மி.லி. தேன்' என்பதை 100 கிராம் என்று எடுத்துக்கொண்டால் கலவையில் இனிப்பும் ஈரமும் நன்றாகவே குறைந்துவிடும்.

அளவு ஜாடியில் அளப்பதானால் ஜாடியைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதீர்கள். மேசை மீது வைத்து, நீங்கள் குனிந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் மட்டம் வேறு இடத்தில் இருப்பதுபோல் தெரியும். உற்றுப் பார்த்தால் நீர்ப்பரப்பு ஓரங்களில் சற்றே ஏறி நடுவில் தாழ்ந்திருப்பது தெரியும். நடுவில் தாழ்ந்திருக்கும் அந்த மட்டம்தான் கோட்டைத் தொட வேண்டும். அகலமான ஜாடியில் கோட்டின் ஒரு மில்லிமீட்டர் பிசகுகூடப் பத்து மி.லி. அளவுக்குப் போகலாம் என்பதால், சிறிய அளவுக்குச் சிறிய ஜாடியையே எடுங்கள்.

தராசு இல்லாதபோது

கப்பால் அளந்தே ஆக வேண்டும் என்றால் மாவுக்கு இதுதான் வழி: டப்பாவில் உள்ள மாவை முதலில் முள்கரண்டியால் கிளறித் தளர்த்துங்கள். கரண்டியால் எடுத்துக் கப்பில் மெல்லப் போடுங்கள், விளிம்புக்கு மேல் குவியும் வரை. கப்பைத் தட்டவோ குலுக்கவோ கூடாது. தட்டினால் மாவு இறுகி, அதே கப்பில் இன்னும் கொஞ்சம் மாவு பிடிக்கும். கத்தி முதுகால் ஒரே இழுப்பில் தலைதட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாஸ்டன் சமையல் பள்ளிக்குத் தலைமை வகித்த ஃபேனி ஃபார்மர் விடாமல் வலியுறுத்தியது இந்தத் தலைதட்டிய அளவைத்தான்.

பழுப்புச் சர்க்கரைக்கு நேர்மாறான வழக்கம். அதைக் கப்பில் அழுத்தி நிரப்ப வேண்டும். கவிழ்த்தால் கப்பின் வடிவத்திலேயே நிற்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரை உதிரியானது, எப்படி அள்ளினாலும் பெரிதாக மாறாது. ஐசிங் சர்க்கரையும் கோக்கோ தூளும் கட்டிகட்டும் என்பதால் அவற்றைக் கப்பால் அளப்பதை நான் நம்புவதில்லை.

கப் அளவை எடைக்கு மாற்றிக்கொள்ள, சுமார் 240 மி.லி. கப்புக்கு உத்தேசக் கணக்கு இது:

மைதா: 120 முதல் 125 கிராம்
வெள்ளைச் சர்க்கரை: 200 கிராம்
பழுப்புச் சர்க்கரை (அழுத்தியது): 215 கிராம்
ஐசிங் சர்க்கரை: 115 முதல் 120 கிராம்
கோக்கோ தூள்: 85 கிராம்
வெண்ணெய்: 227 கிராம்
எண்ணெய்: 215 முதல் 220 கிராம்
தேன்: 340 கிராம்

வெண்ணெயைக் கப்பில் அமுக்கி நிரப்பினால் இடையில் காற்று தங்கிவிடும். தராசு இல்லாமலேயே வெண்ணெயின் எடையைக் கண்டுபிடிக்க ஓர் அருமையான வழி இருக்கிறது. அளவு ஜாடியில் 300 மி.லி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெண்ணெய்த் துண்டுகளைப் போடுங்கள். அவை மிதக்கும். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸின் தத்துவம். எனவே நீர்மட்டம் 400 மி.லி. கோட்டைத் தொட்டால் நீங்கள் போட்டது 100 கிராம் வெண்ணெய். துண்டுகள் ஜாடியின் அடியில் முட்டாமல் தாராளமாக மிதக்க வேண்டும், விரலால் அமுக்கவும் கூடாது. முழுவதும் மூழ்கடித்தால் அதே 100 கிராம் மட்டத்தை ஏறத்தாழ 110 மி.லி. உயர்த்திவிடும். பிறகு வெண்ணெயை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தலாம்.

அது எந்த நாட்டுக் கப்?

கப் என்ற பெயர் ஒன்றுதான், கொள்ளளவு பல. அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி.; அங்கேயே உணவுப் பொட்டலங்களின் சத்து விவரத்தில் அதை 240 என்று கணக்கிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் 250. ஜப்பானில் 200. பழைய பிரிட்டிஷ் அளவில் அரை பைண்ட், அதாவது 284 மி.லி. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மி.லி.; மற்ற பெரும்பாலான இடங்களில் 15. ஆஸ்திரேலியச் செய்முறை ஒன்றில் 3 மேசைக்கரண்டி என்றிருந்தால் அது உங்கள் கரண்டிக்கு நான்கு.

உங்களிடம் உள்ள கப் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாவிட்டால், அதைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். திரையில் தெரியும் கிராம்தான் அதன் மி.லி. மலிவான கப்புகளும் கரண்டிகளும் தம் மேல் பொறித்த அளவுக்குப் பொருந்தாமல் இருப்பது சகஜம் என்பதால், புதிதாக வாங்கிய உடனே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அவுன்ஸ் இன்னும் பெரிய குழப்பம். எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ் என்பது கொள்ளளவு, அமெரிக்காவில் 29.6 மி.லி. ஒரு கப் 8 திரவ அவுன்ஸ் என்பதால் மாவையும் 8 அவுன்ஸ் எடைபோட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது 227 கிராம், தேவைப்பட்டதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. அமெரிக்கச் செய்முறைகளில் ஒரு 'ஸ்டிக்' வெண்ணெய் என்றிருந்தால் அது 113 கிராம்.

செய்முறையில் சொற்கள் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். 'சலித்த மாவு ஒரு கப்' என்றால் முதலில் சலித்துவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். 'மாவு ஒரு கப், சலித்துக்கொள்ளவும்' என்றால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். சலித்த மாவில் காற்று கலந்திருக்கும், கப்பில் எடை குறைவாக ஏறும். நறுக்கிய பருப்பு, துருவிய சீஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கப், கிராம் இரண்டும் கொடுத்திருந்தால் கிராமையே பின்பற்றுங்கள். பாதிப் பொருளைக் கப்பிலும் பாதியைக் கிராமிலும் அளந்து கலக்காதீர்கள். அந்தச் செய்முறையை எழுதியவரின் கப் உங்களுடையதாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

முட்டை

முட்டையை எண்ணிப் போடுவதும் ஓர் அளவுதான், ஆனால் முட்டைகள் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரும்பாலான செய்முறைகள் ஓடு நீக்கிய பிறகு சுமார் 50 கிராம் வரும் முட்டையை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. உங்கள் முட்டை சிறியதாக இருந்து 40 கிராம்தான் வந்தால், நான்கு முட்டைக் கேக்கில் 40 கிராம் குறைகிறது. ஐந்தாவது முட்டையைச் சேர்த்துவிடலாம். செய்முறையைப் பாதியாக்கும்போது ஒன்றரை முட்டை வந்தால், அரை முட்டைக்கு ஒன்றை நன்றாக அடித்து அதில் 25 கிராம் எடுங்கள்.

அளவைக் கூட்டவும் குறைக்கவும்

ரொட்டி செய்பவர்கள் எல்லாவற்றையும் மாவின் எடைக்குச் சதவீதமாகச் சொல்வார்கள். மாவு 100 என்றால் தண்ணீர் 65, உப்பு 2, உலர் ஈஸ்ட் 1. 500 கிராம் மாவுக்கு 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட். 800 கிராம் மாவு இருக்கிறதா? 520, 16, 8. கப்பிலும் கரண்டியிலும் எழுதிய செய்முறையை இப்படி விரிக்க முடியாது. ஒரு செய்முறை உங்களுக்கு நன்றாக வந்துவிட்டால் அடுத்த முறை அதைக் கிராமில் எழுதி, பக்கத்தில் சதவீதத்தையும் குறித்துவையுங்கள். மாவு மாறினால் ஈரம் உறிஞ்சும் தன்மையும் மாறும். புதிய மாவு வாங்கும்போது தண்ணீரில் ஒரு பகுதியை நிறுத்திவைத்துப் பதம் பார்த்துச் சேருங்கள். இறுதியில் எவ்வளவு சேர்ந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.

கேக்கில் டின்தான் அளவை முடிவுசெய்கிறது. 20 செ.மீ. வட்ட டின்னின் பரப்பு 314 சதுர செ.மீ., 23 செ.மீ. வட்ட டின்னின் பரப்பு 415. மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் கலவை 1.32 மடங்கு வேண்டும். 200 கிராம் மாவு 264 ஆகும், மூன்று முட்டை நான்காகும். 20 செ.மீ. சதுர டின் 400 சதுர செ.மீ.; ஆகவே அதற்கு எழுதிய செய்முறையை 23 செ.மீ. வட்ட டின்னில் அப்படியே ஊற்றலாம். வேகும் நேரத்தை மட்டும் 1.32 ஆல் பெருக்கிவிடாதீர்கள். கலவையின் உயரம் மாறவில்லை என்பதால் நேரமும் பழைய நேரத்தை ஒட்டியே இருக்கும். பழைய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே குச்சியைக் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டினால் ஓவனை மூடிவிட்டு ஐந்து ஐந்து நிமிடமாக நேரத்தைக் கூட்டுங்கள்.